கணினியோடு கூடவே வந்த காவல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆன்டிவைரஸைப் பற்றியே இருந்தன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1991 முதல் அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு, அவற்றை மறைக்கப்போவதில்லை.

கேள்வி: புதிய மடிக்கணினி வாங்கினேன். ஆன்டிவைரஸையும் சேர்த்து வாங்காவிட்டால் ஆபத்து என்றார் விற்றவர். ‘விண்டோஸிலேயே இருக்கிறது தாத்தா, தேவையில்லை’ என்கிறாள் என் பேத்தி. யார் சொல்வது சரி? முன்பெல்லாம் தனியாகத்தானே வாங்கினோம்? இது எப்போது உள்ளே வந்தது?
— பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

உங்கள் பேத்தி சொல்வதுதான் சரி, ஐயா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற முழுமையான ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. கணினியை முதல்முறை இயக்கும்போதே அது விழித்திருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்று உறுதியாகச் சொல்வேன்.

எப்போது உள்ளே வந்தது என்ற கேள்விக்குத்தான் விடை கொஞ்சம் நீளம். ஏனென்றால் அது இரண்டு முறை வந்தது.

முதல்முறை வந்தது 1993 மார்ச்சில், மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸின் 6.0 பதிப்பு வெளியானபோது. சென்ட்ரல் பாயிண்ட் என்ற நிறுவனத்திடம் உரிமம் பெற்று, ‘மைக்ரோசாஃப்ட் ஆன்டி-வைரஸ்’ என்ற பெயரில் அதைச் சேர்த்திருந்தார்கள். எம்எஸ்ஏவி என்று தட்டினால் திறக்கும். கண்டுபிடி, கண்டுபிடித்து நீக்கு என்று இரண்டு கட்டளைகள். கூடவே வி-சேஃப் என்ற இன்னொரு நிரல் நினைவகத்தில் தங்கிக் காவல் காக்கும். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் பதினான்கு கணினிகள். ஒவ்வொரு நாளும் காலையில் ஒவ்வொன்றிலும் அதை ஓடவிட்டு, ‘வைரஸ் எதுவும் இல்லை’ என்று வந்ததும் ஒரு நோட்டில் குறித்துவைப்பேன்.

1995-இல் அந்த நோட்டில் எல்லாம் சரி என்று குறித்திருந்த ஒரு கணினியில் ‘ஒன் ஹாஃப்’ என்ற வைரஸ் இருந்தது. ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் அது ஹார்ட் டிஸ்கின் கடைசிப் பகுதியிலிருந்து சிறிது சிறிதாக மறைக்குறியாக்கம் செய்துகொண்டே வரும். வைரஸ் நினைவகத்தில் இருக்கும்வரை அதுவே பூட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும் என்பதால் எவருக்கும் எதுவும் தெரியாது. பூட்டைத் திறக்கும் சாவியும் அந்த வைரஸுக்குள்ளேதான் இருக்கிறது. இது தெரியாமல் தொடக்கப் பகுதியைத் துடைத்து வைரஸை நீக்கினேன். வைரஸோடு சாவியும் போயிற்று. கணக்குப் பிரிவின் ஓராண்டுப் பதிவுகளைத் தாள்களைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்தோம். மூன்று பேர், ஏழு வாரம்.

எம்எஸ்ஏவி ஏன் அதைக் கண்டுபிடிக்கவில்லை? அதற்குத் தெரிந்தது 1993 வரை வந்த ஆயிரத்துச் சொச்சம் வைரஸ்களின் அடையாளம் மட்டுமே. புதிய அடையாளங்கள் வேண்டுமென்றால் மோடம் வழியாக இறக்க வேண்டும், அல்லது அஞ்சலில் ஃப்ளாப்பி வரவழைக்க வேண்டும். பெரும்பாலானோர் இரண்டையும் செய்யவில்லை. எங்கள் அலுவலகமும் செய்யவில்லை. இன்னொரு கொடுமையும் இருந்தது. வி-சேஃப் நிரலை அணைக்க ஒரே ஓர் உள் அழைப்பு போதும். ‘ட்ரெமர்’ என்ற வைரஸ் உள்ளே நுழைந்ததும் முதலில் அந்த அழைப்பைத்தான் விடுத்தது. திருடன் வந்து ‘நீ போய்ப் படுத்துக்கொள்’ என்று சொன்னால் போய்ப் படுத்துக்கொள்ளும் காவலாளி அது.

விண்டோஸ் 95-இல் அந்த ஆன்டிவைரஸே இல்லை. அதன் பிறகு பதினேழு ஆண்டுகள், 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வரும்வரை, உலகில் மிக அதிகம் பேர் பயன்படுத்திய இயங்குதளம் முழுமையான ஆன்டிவைரஸ் எதுவும் இல்லாமலே விற்கப்பட்டது. 1999-இல் மெலிசா, 2000-இல் ஐ லவ் யூ, 2001-இல் கோட் ரெட், நிம்டா, 2003-இல் ஸ்லாமர், பிளாஸ்டர் எனப் பரவிய தீநிரல்கள் எல்லாம் அந்த இடைவெளியில் வந்தவைதாம். கதவை விற்றுவிட்டுப் பூட்டை வேறு கடையில் வாங்கிக்கொள் என்று சொன்ன காலம் என்றுதான் அதை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

திருப்பம் மெதுவாக வந்தது. 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். புதிய வசதியா, பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுங்கள் என்பது அதன் சாரம். 2003-இல் ருமேனியாவைச் சேர்ந்த கெகாட் நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்தபோது, வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால், கேட்காமலே இயங்கும் நிலையில் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஜயண்ட் என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் உளவுநிரல் தடுப்பானை விண்டோஸ் டிஃபெண்டர் ஆக்கினார்கள். விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் இருந்த டிஃபெண்டர் இதுதான். பெயர் ஒன்றாக இருந்ததால் பலர் அதை ஆன்டிவைரஸ் என்று நம்பினார்கள். அது உளவுநிரல்களை மட்டுமே பார்த்தது. நடுவில் 2006-இல் ஒன்கேர் என்ற ஆன்டிவைரஸைச் சந்தாவுக்கு விற்றுப் பார்த்துவிட்டு, 2009 செப்டம்பரில் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற ஆன்டிவைரஸை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனாலும் அதை நாமே தேடிப் போய் இறக்க வேண்டியிருந்தது. அதையே டிஃபெண்டர் என்ற பெயரில் இயங்குதளத்துக்குள் வைத்தது விண்டோஸ் 8.

தேடிப் போய் இறக்குவதற்கும் உள்ளேயே இருப்பதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். 2010-இல் எங்களோடு வேலை செய்த ஒரு மெய்ப்புத் திருத்துநர், தம் சொந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். வாங்கும்போது கூடவே வந்த ஆன்டிவைரஸின் சோதனைக் காலம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. திரையின் மூலையில் சின்னம் மட்டும் அப்படியே இருந்தது. ஒருநாள் ‘உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்’ என்று சிவப்புச் சாளரம் ஒன்று திறந்திருக்கிறது. கேட்ட பணத்தை அட்டை மூலம் கட்டியிருக்கிறார். அது போலி ஆன்டிவைரஸ். மறுநாள் அட்டையிலிருந்து இன்னொரு தொகையும் போயிற்று. ‘பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றுதானே கட்டினேன்’ என்று சொல்லி அழுதார். அவர் எதையும் அலட்சியமாகச் செய்தவர் அல்லர். எது தன் காவலாளி, எது வேடம் போட்டு வந்தது என்று பிரித்தறிய அவருக்கு வழியே இருக்கவில்லை. கணினி நுணுக்கம் தெரியாத மனிதருக்கு அவர் கேட்காமலே, சந்தா கட்டாமலே, காலாவதி ஆகாமலே கிடைக்கும் காவல்தான் உண்மையான காவல் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

கேள்வி: டிஃபெண்டர் பெயரளவுக்குத்தான், கட்டணம் கட்டி வாங்குவதே சிறந்தது என்கிறார்களே?
— வங்கி ஊழியர்

ஒரு காலத்தில் அது உண்மை. 2012-இன் பிற்பகுதியில், ஆன்டிவைரஸ்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் நடத்திய சோதனையில் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் சான்றிதழை இழந்தது. 2019-இல் அதே நிறுவனத்தின் சோதனையில் டிஃபெண்டர் முழு மதிப்பெண் பெற்றது. இடையில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பழைய ஆன்டிவைரஸ் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் தேடியது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது இரண்டு மாற்றங்கள் வேரூன்றின. ஒன்று, கட்டளைத் தொகுப்புகளான ஸ்கிரிப்டுகளை ஓடும் கணத்தில் படிப்பது. தீய ஸ்கிரிப்டுகள் தம்மைப் பல அடுக்குகளில் சுருட்டி, உருமாற்றிக்கொண்டு வரும். கோப்பாக இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆனால் ஓட வேண்டுமென்றால் எல்லா அடுக்கையும் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். அவிழ்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் இயங்குதளமே அதை ஆன்டிவைரஸின் கையில் கொடுத்து, ‘இதைப் பார்த்துச் சொல்’ என்கிறது. அம்சி என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். வேறு நிறுவனங்களின் ஆன்டிவைரஸும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் இந்த இடத்தை ஏற்படுத்தித் தர இயங்குதளத்தால்தான் முடியும். வெளியிலிருந்து வரும் மென்பொருள், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும், இல்லாத சன்னலைத் தானே சுவரில் உடைக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மேகக்கணினியோடு பேசுவது. இதுவரை எங்கும் பார்த்திராத கோப்பு ஒன்று வந்தால் டிஃபெண்டர் அதைச் சில நொடிகள், வழக்கமான அமைப்பில் பத்து நொடிகள் வரை, நிறுத்திவைத்துவிட்டு மைக்ரோசாஃப்டின் சர்வர்களைக் கேட்கிறது. கோடிக்கணக்கான கணினிகளில் ஏதோ ஒன்றில் முதலில் தென்பட்டது, அடுத்த நிமிடமே மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடுகிறது. 2018 மார்ச் 6 அன்று ‘டோஃபாயில்’ என்ற தீநிரல் பரவத் தொடங்கியபோது, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தாக்குதல் முயற்சிகளைத் தடுத்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அஞ்சலில் ஃப்ளாப்பி வரவழைத்த காலத்தில் இதைக் கற்பனையும் செய்திருக்க மாட்டோம்.

கட்டணம் கட்டி வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. நூறு கணினிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க வேண்டிய நிறுவனத்துக்குத் தேவைகள் வேறு. வீட்டில் ஒரு மடிக்கணினி வைத்திருப்பவர் பயத்தினால் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: டிஃபெண்டரையும் வேறோர் ஆன்டிவைரஸையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இரட்டைப் பாதுகாப்புத்தானே?
— இல்லத்தரசி

இல்லை அம்மா. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும். அதனால்தான் வேறொன்றை நிறுவியதும் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. விரும்பினால் அதை அவ்வப்போது மட்டும் ஒருமுறை சோதிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். அந்த வசதி 2016 முதல் இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: அந்த இன்னொன்றின் சந்தா முடிந்துவிட்டால் அன்றே அதை நீக்கிவிடுங்கள். நீக்கியதும் டிஃபெண்டர் மீண்டும் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

கேள்வி: என் கணினி மெதுவாக இருக்கிறது. டிஃபெண்டரை அணைத்துவைத்தால் வேகம் கூடும் என்று நண்பன் சொன்னான். அணைத்தேன், சிறிது நேரத்தில் தானே இயங்கத் தொடங்கிவிட்டது. நிரந்தரமாக அணைப்பது எப்படி?
— கல்லூரி மாணவர்

தம்பி, அந்த வழியை நான் சொல்லித்தர மாட்டேன். அது தானே மீண்டும் இயங்கியது பழுது அல்ல. வி-சேஃப் கதையை மேலே படித்திருப்பீர்கள். ஒரே அழைப்பில் அணைந்துபோன அந்தக் காவலிலிருந்து கற்ற பாடம்தான் 2019-இல் ‘டேம்பர் புரொட்டெக்‌ஷன்’ என்ற அமைப்பாக வந்தது. இப்போது ஒரு மென்பொருள் பின்வாசல் வழியாக டிஃபெண்டரை அணைப்பது அவ்வளவு எளிதல்ல. உட்கார்ந்திருக்கும் மனிதர் தம் கையால் அணைக்கலாம், அதுவும் தற்காலிகமாக. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரை அனுப்புகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் செய்ய நினைப்பதும் நீங்கள் கேட்டதையேதான்.

கணினி மெதுவாவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். வித்தியாசத்தை அன்றைக்கே உணர்வீர்கள். நிரல் எழுதுகிறவர் என்றால், கணக்கற்ற சிறு கோப்புகள் உருவாகும் அந்த ஒரு கோப்புறையை மட்டும் சோதனையிலிருந்து விலக்கிவைக்கலாம். டவுன்லோட்ஸ் கோப்புறையை மட்டும் ஒருபோதும் விலக்காதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் திறந்து பார்க்கும் மென்பொருளே ஓட்டையாக இருந்தால்?
— பொறியியல் மாணவி

நல்ல கேள்வி. அது நடந்திருக்கிறது. 2017 மே மாதம் மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி, நாட்டலி சில்வானோவிச் இருவரும் டிஃபெண்டரின் இயந்திரத்திலேயே ஒரு கடுமையான ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். தீய கோப்பு ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும். நீங்கள் அதைத் திறக்க வேண்டியதில்லை. டிஃபெண்டர் சோதிப்பதற்காகத் திறக்கும். அதோடு கணினி தாக்கியவன் கைக்குப் போய்விடும். காவலாளிக்குக் கணினியில் மிக உயர்ந்த அதிகாரம் இருப்பதால் ஆபத்தும் அவ்வளவு பெரிது. சில நாள்களிலேயே திருத்தம் வந்தது. மறுஆண்டு அக்டோபரில், சந்தேகக் கோப்புகளைப் பிரிக்கும் பகுதியை மட்டும் தனிச் சிறைக்குள் அடைத்து இயக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தியது. விஷக் கடிதம் பிரிக்கப்பட்டாலும் அந்த அறைக்குள்ளேயே முடிந்துவிடும் என்பது எண்ணம்.

இதையொட்டி 2024 ஜூலை 19-ஐப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற வெளி நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடியதால் அது விழுந்தபோது கணினியும் சேர்ந்து விழுந்தது. டிஃபெண்டர் தவறே செய்யாது என்று இதற்குப் பொருளில்லை. 2023 ஜனவரி 13 அன்று அதன் நிறுவனப் பதிப்பின் விதி ஒன்று, பல அலுவலகங்களில் பணியாளர்களின் செயலிக் குறுக்குவழிகளை அழித்தது. ஆனால் கணினிகள் எழுந்து நின்றன, வேலை தொடர்ந்தது. பாதுகாப்பு மென்பொருளை கெர்னலுக்கு வெளியே கொண்டுவர மைக்ரோசாஃப்ட் எடுத்துவரும் முயற்சியை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்து மற்ற நிறுவனங்களை நசுக்குவது நியாயமா?
— சட்டக் கல்லூரி மாணவர்

ஆன்டிவைரஸ் விற்கும் நிறுவனங்களில் 2006-இல் சைமன்டெக்கும் மெக்காஃபியும், 2016-இல் கஸ்பர்ஸ்கியும் ஏறத்தாழ இதையே கேட்டன. கஸ்பர்ஸ்கியின் புகாரில் நியாயம் இருந்தது. விண்டோஸ் மேம்படும்போது வேற்று ஆன்டிவைரஸ் நீக்கப்பட்டு டிஃபெண்டர் அந்த இடத்துக்கு வருகிறது, தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளக் காலமும் போதவில்லை என்றார்கள். 2017-இல் மைக்ரோசாஃப்ட் சில நடைமுறைகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. புகார் திரும்பப் பெறப்பட்டது. போட்டி இருக்க வேண்டும். பயனர் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. ஆனால் எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகும் பழைய ஏற்பாட்டை எவர் வாதிட்டாலும் நான் ஏற்க மாட்டேன். அந்த மெய்ப்புத் திருத்துநரை நான் மறக்கவில்லை.

கேள்வி: மேக் கணினிக்கு வைரஸே வராது என்பது உண்மையா?
— புகைப்படக் கலைஞர்

உண்மையில்லை. 2009-இல் மேக் இயங்குதளத்தின் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பில் ஆப்பிள் எக்ஸ்புரொட்டெக்ட் என்ற சோதனையைச் சத்தமில்லாமல் சேர்த்தது. தொடக்கத்தில் அதற்குத் தெரிந்தவை இரண்டே தீநிரல்கள்! 2011 மே மாதம் ‘மேக் டிஃபெண்டர்’ என்ற போலி ஆன்டிவைரஸ் பரவியது. அதன்பிறகுதான் அடையாளப் பட்டியல் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் ஏற்பாடு வந்தது. மறுஆண்டு ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஆறு லட்சம் மேக் கணினிகளைப் பிடித்தது. பிறகு, செயலி நம்பத்தக்க இடத்திலிருந்து வந்ததா என்று பார்க்கும் கேட்கீப்பர் வந்தது. 2022-இல், உள்ளே நுழைந்துவிட்டவற்றைத் தேடி நீக்கும் பகுதியும் வந்தது. இவை எல்லாம் உங்கள் மேக்கில் இப்போதே ஓடிக்கொண்டிருக்கின்றன, திரையில் எதையும் காட்டாமல்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் 2017 முதல், செயலிகளைச் சோதிக்கும் பிளே புரொட்டெக்ட் இருக்கிறது. அதைத் தாண்டி, குறுஞ்செய்தியில் வரும் இணைப்பிலிருந்து செயலியை நிறுவாமல் இருந்தாலே பெரும்பாதுகாப்பு.

கேள்வி: என் டிஃபெண்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— தட்டச்சுப் பயிற்றுநர்

இதற்கென்றே ஈகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. 68 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரே வரி. அதில் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோலவே குரல் கொடுப்பது என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஈகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்க முயன்று பாருங்கள். கோப்பு வந்து சேர்வதற்குள் டிஃபெண்டர் பிடித்துவிடும். திரையின் கீழ்மூலையில் உள்ள கேடயச் சின்னத்தையும் திறந்து பாருங்கள். கடைசியாக அடையாளப் பட்டியல் புதுப்பிக்கப்பட்ட தேதி அங்கே இருக்கும். அது இன்றோ நேற்றோ ஆக இருக்க வேண்டும். ரான்சம்வேரிலிருந்து குறிப்பிட்ட கோப்புறைகளைக் காக்கும் ஒரு வசதியும் அங்கேயே உண்டு. 2017-இல் வந்தது, ஆனால் கேட்காமல் இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். அதையும் தொடக்கத்திலிருந்தே இயக்கிவைத்துத் தர வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: என்னிடம் இருப்பது விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் டிஃபெண்டர் அப்டேட் இன்னும் வருகிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?
— பதிப்பக ஊழியர்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. டிஃபெண்டருக்கான அடையாளங்கள் மட்டும் குறைந்தது 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னது சுவரில் விழும் விரிசலை அடைப்பது. பின்னது காவலாளிக்குத் திருடர்களின் படங்களைக் கொடுப்பது. 2017-இல் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது விரிசல் வழியாகத்தான். மார்ச் 14 அன்றே திருத்தம் வந்துவிட்டது. தாக்குதல் தொடங்கியது மே 12. திருத்தத்தை நிறுவிய கணினிகளுக்குள் அந்த வழியாக அது நுழையவே முடியவில்லை.

எனவே உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமென்றால் மாறிவிடுங்கள். தாங்காதென்றால், 2026 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ள முடியும். அதுவும் முடியாதென்றால் வங்கி வேலைகளை அதில் செய்யாதீர்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மெய்ப்புப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை இன்றைக்கே ஒரு வெளி டிஸ்கில் பிரதியெடுத்து, பிரதியெடுத்ததும் அந்த டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.